இங்கிலாந்து டு மங்கோலியா... ஓட்டைக் காரில் ஒரு தர்மப் பயணம்!

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், ‘இன்னும் எத்தனை வருஷம் ஓடும்?’ என்றுதான் கேட்பார்கள். மங்கோல் ராலிக்குப் பெயர் கொடுக்கும் நண்பர்கள் கேட்பதோ, ‘இன்ஜின் ஆயிரம் சிசி-க்குள்தானே இருக்கு?’ என்று. அதைவிடப் பெரிய இன்ஜின் என்றால் இந்தப் பயணத்துக்குப் பொதுவாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

நம் ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு நின்ற மாருதி 800-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இன்ஜின் 796 சிசி. ஏறக்குறைய அதே அளவுள்ள பழைய ஃபியட் பாண்டா, நிஸான் மைக்ரா போன்ற கார்களில்தான் ஐரோப்பாவிலிருந்து மங்கோலியா வரை போனார்கள். சுமார் 16,000 கிலோமீட்டர்! கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் போய்த் திரும்பி, மறுபடியும் ஒருமுறை போய்த் திரும்பினால்கூட இந்தத் தூரம் வராது.

ராலி என்றதும் பந்தயம் என்று நினைக்க வேண்டாம். முதலில் வருபவருக்குக் கோப்பை கிடையாது. இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பின்னால் மெக்கானிக் வேன் வராது. நடுக்காட்டில் வண்டி நின்றால் நின்றதுதான், அவரவர் சாமர்த்தியம். ஆனால், ஒவ்வொரு அணியும் குறைந்தது 1,000 பவுண்டு, அதாவது நம் பணத்தில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல், தர்ம காரியத்துக்குத் திரட்டித் தர வேண்டும். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், விசா எல்லாம் தனிச் செலவு.

இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டாம் மோர்கன் என்ற இங்கிலாந்து இளைஞர். 2001-ல் ஒரு நண்பருடன், நம் ஆட்டோவுக்கு அண்ணன் போலிருக்கும் ஃபியட் 126 காரில் மங்கோலியாவுக்குக் கிளம்பினார். போய்ச் சேர முடியவில்லை. தோற்றுப்போன அந்தப் பயணத்தின் ருசி விடாமல், 2004-ல் இதையே ஒரு ராலியாக்கினார். முதல் வருடம் கிளம்பியது ஆறு அணி, சேர்ந்தது நான்கு. 2005-ல் 43 கார்கள் புறப்பட்டு, 18 மட்டுமே ஊர் போய்ச் சேர்ந்தன. 2006-ல் லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து 167 கார்கள் கிளம்ப, 117 கார்கள் மங்கோலியத் தலைநகர் உலான்பாட்டரைத் தொட்டன. மூன்றில் ஒன்று வழியிலேயே படுத்துவிடும் என்று தெரிந்தும் வருடாவருடம் கூட்டம் வந்தது.

கப்பல் வரும்... ஆனால் வராது!

ஐரோப்பாவைத் தாண்டும்வரை பெரிய கஷ்டம் இல்லை. துருக்கி, ஜார்ஜியா வழியாக அஜர்பைஜானின் பாகு நகரத்துக்கு வந்த பிறகுதான் கூத்து ஆரம்பித்தது. எதிரே காஸ்பியன் கடல். அக்கரையில் துர்க்மெனிஸ்தான். கடக்க ஒரு சரக்குக் கப்பல் உண்டு. அதற்கு டைம் டேபிள் கிடையாது. சரக்கு நிரம்பும்போது, காற்று சாதகமாக இருக்கும்போது கிளம்பும். அது இன்றைக்கா, நாலு நாள் கழித்தா என்று டிக்கெட் கொடுப்பவருக்கே தெரியாது. துறைமுகத்தில் காருக்குள்ளேயே தூங்கி, லாரி டிரைவர்களோடு ரொட்டியும் தேநீரும் பகிர்ந்துகொண்டு காத்திருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், துர்க்மெனிஸ்தான் பெரும்பாலும் தந்தது சில நாட்களுக்கான வழிப்போக்கர் விசா. இந்தத் தேதிக்குள் நுழைந்து, இந்தத் தேதிக்குள் வெளியேற வேண்டும். கப்பல் இந்தக் கரையில் நிற்கும்போதே விசா நாட்கள் கரைய ஆரம்பித்துவிடும். அக்கரைக்குப் போன பிறகும் துறைமுகத்தில் இடமில்லை என்று நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திவைப்பது உண்டு. கரை கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது.

இறங்கிய பிறகு நாட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கும் காராகும் பாலைவனத்தை, மிச்சமிருக்கும் விசா நாட்களுக்குள் தாண்ட வேண்டும். நடுவில் தர்வாசா என்ற இடத்தில் சுமார் 70 மீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம். பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயு அங்கே பல பத்தாண்டுகளாக எரிந்துகொண்டிருக்கிறது. அவசரத்திலும் அங்கே ஒரு ராத்திரி கூடாரம் போடாமல் போக யாருக்கும் மனசு வராது.

மூச்சு வாங்கும் மலை

மனிதருக்கு மட்டுமா, காருக்கும் மூச்சு வாங்கும் என்பது தஜிகிஸ்தானின் பாமிர் மலைச்சாலையில் தெரியும். இங்கே அக்-பைதல் கணவாயின் உயரம் 4,655 மீட்டர். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். இவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்துவிடுவதால், பெட்ரோல் எரியப் போதுமான ஆக்ஸிஜன் கிடைக்காமல் இன்ஜின் தன் பலத்தில் சுமார் 40 சதவிகிதத்தை இழந்துவிடும். ஏற்கெனவே அது ஆயிரம் சிசி! முதல் கியரிலும் ஏறாத இடங்களில் டிரைவரைத் தவிர எல்லோரும் இறங்கி, மூட்டை முடிச்சுகளையும் இறக்கி, தள்ளிக்கொண்டே நடக்க வேண்டியதுதான். இன்ஜினைவிட முன்னால் தள்ளுபவர்களுக்குத்தான் மூச்சு முட்டும்.

மனிதர்கள் இல்லாத இடத்தில்

மங்கோலியாவின் மேற்கு எல்லையில் நுழைந்து, உல்கீ நகரத்திலிருந்து தலைநகர் போக 1,600 கிலோமீட்டருக்கு மேல். இன்று நிறைய தார்ச்சாலை வந்துவிட்டது. ஆரம்ப வருடங்களில் வெறும் டயர் தடங்கள்தான். அதுவும் ஒன்றல்ல, புல்வெளியில் பத்துப் பதினைந்து தடங்கள் பிரிந்து ஓடும். எதைப் பிடித்தால் ஊர் வரும் என்பது அதிர்ஷ்டம். பாலம் இல்லாத ஆறுகள் வேறு. முழங்கால் அளவு தண்ணீர் என்று இறக்கினால், நடுவில் சைலன்ஸர் மூழ்கி வண்டி நின்றுவிடும்.

இந்தியாவில் பாதிக்குச் சற்று குறைவான பரப்பில் சுமார் 35 லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு அது. ஆனாலும் ராலிக்குப் போய்வந்தவர்கள் மறக்காமல் சொல்லும் சங்கதி, உதவிக்கு எங்கிருந்தோ ஓர் ஆள் வந்துவிடுவார் என்பதுதான். குதிரையில் வருவார், பழைய ரஷ்ய ஜீப்பில் வருவார். பாஷை தெரியாது. காருக்கடியில் படுத்துப் பார்த்து, கம்பியும் கயிறுமாகக் கட்டி, உடைந்த ஸ்பிரிங்குக்கு லாரிப் பட்டையை வெட்டி வைத்து வெல்டிங் செய்து தருபவர்கள் உண்டு. பிறகு, ‘கெர்’ எனப்படும் வட்டக் கூடாரத்துக்கு அழைத்துப்போய் உப்புப் போட்ட பால் தேநீர் கொடுப்பார்கள். நல்ல ஜீப்பில் போகிறவர் அந்தக் கூடாரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

குழாய்ச் சூட்டில் தூங்கிய பிள்ளைகள்

சரி, திரட்டிய பணம் எங்கே போகிறது? பயன்பெற்ற அமைப்புகளில் ஒன்று, கிறிஸ்டினா நோபிள் என்ற ஐரிஷ் பெண்மணி தொடங்கிய குழந்தைகள் அறக்கட்டளை. டப்ளினில் ஆதரவற்ற சிறுமியாக வளர்ந்தவர் அவர். 1990-களில் சோவியத் உதவி நின்று மங்கோலியப் பொருளாதாரம் சரிந்தபோது, உலான்பாட்டரில் நிறைய பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போகும். நகரத்தைச் சூடேற்றும் வெந்நீர்க் குழாய்கள் ஓடும் நிலத்தடிக் குழிகளில் இறங்கி, அந்தக் குழாய்களை ஒட்டிப் படுத்து அந்தப் பிள்ளைகள் உயிர் பிழைத்தார்கள். வியட்நாமில் பணியைத் தொடங்கியிருந்த நோபிள், 1997-ல் இங்கும் வந்தார். பிள்ளைகளுக்காக, பாரம்பரியக் கூடாரங்களையே வீடுகளாக வைத்து ஒரு குட்டிக் கிராமம் உருவானது. ஒரு குட்டிக் காரின் பெயரைச் சொல்லி அக்கம்பக்கத்தில் திரட்டிய காசு அங்கே போர்வையாகவும் சாப்பாடாகவும் மாறியது என்றால், இந்தக் கூத்துக்கு அதுவே நியாயம்.

கேள்விகளும் இல்லாமலில்லை. பிந்தைய ஆண்டுகளில் 1,000 பவுண்டில் பாதி, மழைக்காடுகளைக் காக்கும் ‘கூல் எர்த்’ அமைப்புக்குப் போனது. காட்டைக் காப்பாற்ற 16,000 கிலோமீட்டர் பெட்ரோல் புகையா என்று கேட்டால், நேர்மையான பதில் சொல்வது கஷ்டம்தான். ஆபத்தும் நிஜம். 2010-ல் ஈரான் நாட்டுச் சாலையில் நடந்த விபத்தில் ராலிக்காரர் ஒருவர் உயிரிழந்தார். வேடிக்கைப் பேச்சுகளுக்கு நடுவே அந்தக் குடும்பத்தின் இழப்பு காணாமல் போய்விடக் கூடாது.

கார்கள் விஷயத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. ஆரம்பத்தில், வந்து சேர்ந்த கார்களை அங்கேயே விட்டுவிடுவார்கள். ஏலம் போட்டு, அந்தப் பணமும் தர்மத்துக்குப் போகும். கேட்க அழகாக இருந்தாலும், ஐரோப்பா கழித்துப்போட்ட வண்டிகள் வந்து குவிவதை எந்த நாடு விரும்பும்? இறக்குமதி விதிகளும் வரியும் இறுகின. முடிவிடம் எல்லைக்கு வடக்கே ரஷ்யாவின் உலான்-உதே நகரத்துக்கு மாறியது. பிறகு கொரோனா, உக்ரைன் போர் என்று அந்தப் பாதையும் சிக்கலானது.

இதே ஏற்பாட்டாளர்கள் நம் பக்கத்திலும் ஒன்று நடத்துகிறார்கள். ‘ரிக்‌ஷா ரன்’ என்று பெயர். கொச்சியிலிருந்து ஜெய்சால்மர், ஷில்லாங் என்று ஆட்டோவிலேயே பயணம். கண்டபடி பெயின்ட் அடித்த ஆட்டோவை ஒரு வெள்ளைக்காரர் திக்கித் திணறி ஓட்டிக்கொண்டு வந்து, ஸ்டார்ட் ஆகாமல் நடுரோட்டில் விழித்துக்கொண்டு நின்றால், அநேகமாக அவர்தான். ஒரு கை கொடுங்கள், தள்ளிவிட ஆள் தேவைப்படும்!