பாதாள கங்கை

தெய்வத்தைத் தேடி மலையேறுவது நம்மவர்க்குப் புதிதன்று. திருப்பதி என்றும் பழனி என்றும் பெயர் சொன்னால் போதும். எழுபது வயதுப் பாட்டிமாரும் முழங்கால் வலியை மறந்து மூட்டை கட்டி விடுவார்கள். ஆனால் கங்கையைத் தேடிப் பூமிக்குள் 150 அடி இறங்க வேண்டும் என்றால் என்ன செய்வார்கள்? அதற்கும் மூட்டை கட்டுவார்கள் என்பதைச் சென்ற புரட்டாசி மாதத்தில் நேரில் கண்டோம்.

எங்கள் மைத்துனர் தாடிபத்திரியில் உத்தியோகம் பார்க்கிறார். "அத்தான், பேலம் குகை இங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பி விடலாம். குழந்தைகளை அழைத்துக் கொண்டு வாருங்கள்" என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தார். காலாண்டுப் பரீட்சை விடுமுறையில் புறப்படத் தீர்மானித்தோம். தாயாரை வீட்டில் துணைக்கு ஆள் வைத்து விட்டுச் செல்வது என்று ஏற்பாடு. குகைக்குள்ளே பாதாள கங்கை என்று ஒரு நீரோட்டம் இருப்பதை எங்கள் பெண் வாய் தவறிப் பாட்டியிடம் சொல்லிவிட்டாள். ஏற்பாடு அத்துடன் கவிழ்ந்தது.

"காசிக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. கொல்லைக் கிணறும் போயிற்று. இந்தக் கங்கையையாவது பார்த்துவிட்டு வருகிறேன்" என்றாள் தாயார். கிணற்றைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் எழுந்தால் நாம் வேறு பேச்சுக்குப் போய் விடுவது வழக்கம். அன்றும் அவ்வாறே ரயில் சீட்டைப் பற்றிப் பேசலானோம்.

அரக்கோணத்தில் இரவு ரயிலேறி விடியற்காலையில் தாடிபத்திரியில் இறங்கினோம். வட பெண்ணை எனப்படும் பென்னா நதியின் கரையில் அமைந்த ஊர் அது. விஜயநகர காலத்துச் சிற்பங்கள் நிறைந்த கோயில்கள் இரண்டு அங்கே உண்டு. அவற்றுள் ஒன்று புக்க ராமலிங்கேசுவரர் கோயில். தெலுங்கில் 'புக்க' என்றால் ஊற்று. லிங்கம் இருக்கும் இடத்திலேயே ஜலம் ஊறிக் கொண்டிருக்கிறது. அன்று மாலை அதைத் தரிசித்த தாயார், "இந்த ஊர்க்காரர்கள் ஊற்றைச் சுற்றிக் கோயில் கட்டியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மோட்டாரில் புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். வழியெங்கும் கல்லின் ராஜ்யம். வீட்டுக்குச் சுவர் பலகைக் கல்; கூரை பலகைக் கல்; தோட்டத்துக்கு வேலியும் அதே கல். நமது சமையலறை மேடைகளிலும் அலமாரிகளிலும் 'கடப்பைக் கல்' என்று பதிக்கிறோமே, அந்த ஜாதியைச் சேர்ந்த சுண்ணாம்புக் கல்தான் இந்த வட்டாரம் முழுவதும் மண்ணுக்கடியில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. "அப்படியானால் நாம் தினம் குகையின் மேல்தான் தோசை வார்க்கிறோமா?" என்று எங்கள் சிறுவன் கேட்டான். கேள்வி விபரீதமாக இருந்தாலும் விஷயம் ஏறக்குறைய சரிதான்.

குகை என்றவுடன் மலையையும், அதன் அடிவாரத்தில் ஒரு வாயிலையும் நேயர்கள் கற்பனை செய்து கொள்வார்கள். நாங்களும் அவ்வாறே எண்ணிச் சென்று ஏமாந்தோம். நந்தியால் ஜில்லா கொலிமிகுண்ட்லாவுக்கு அருகே, கண்ணுக்கெட்டிய வரை சமவெளி. வெளியே பெரிய புத்தர் சிலை ஒன்று நிற்கிறது. மற்றபடி, உள்ளே ஓர் உலகம் இருக்கிறது என்பதற்குத் தரையில் அடையாளமே இல்லை. கிணறு போன்ற மூன்று பள்ளங்கள், நடுப்பள்ளம்தான் வாயில். 'பிலம்' என்ற வடமொழிச் சொல்லே பேலம் ஆயிற்று என்பார்கள். ராமாயணத்தில் தாகத்தால் தவித்த வானரர்கள், நனைந்த சிறகுகளுடன் பறவைகள் வெளிவருவதைக் கண்டு, உள்ளே ஜலம் இருக்கிறது என்று ஊகித்து ஒரு பிலத்துக்குள் புகுந்தார்கள் அல்லவா? அந்தக் கதையைத் தாயார் வழியிலேயே குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள். ஆகவே பள்ளத்தைக் கண்டதும் எங்கள் வானரம் ஒன்று எல்லோருக்கும் முன்னால் ஓடிற்று.

இந்தக் குகையைப் பற்றி முதன்முதலில் எழுதி வைத்தவர் ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி. சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் 1863-ஆம் வருஷம் கற்கால மனிதனின் கருவியைக் கண்டெடுத்தவரும் இவரே. அவர் 1884-இல் பேலத்தைக் குறிப்பிட்டார். பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1982, 83 வருஷங்களில் டேனியல் கெபாவர் என்ற ஜெர்மானியரின் தலைமையில் ஒரு கோஷ்டி வந்து உள்ளே தவழ்ந்து அளந்தது. நீளம் 3,229 மீட்டர் என்று தெரிய வந்தது. மேகாலயத்துக் குகைகளை நீக்கிப் பார்த்தால், நமது தேசத்தின் மிக நீண்ட குகைகளுள் இது ஒன்று. பௌத்த பிக்ஷுக்கள் இங்கே தங்கித் தியானம் செய்தார்கள் என்பதற்குச் சின்னங்கள் கிடைத்திருக்கின்றன. அவர்களுக்கும் முந்தியவர்களின் மட்பாண்டங்களும் அகப்பட்டன. இன்று ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் பொது ஜனங்கள் நடந்து பார்க்கலாம்.

படியிறங்கினோம். குகைக்குள் குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பி எங்கள் சகதர்மிணி குழந்தைகளுக்குக் கம்பளிச் சட்டை கொண்டு வந்திருந்தாள். உள்ளே வெந்நீர் அறையில் நிற்பது போன்ற புழுக்கம்! வெளிக்காற்றை உள்ளே செலுத்த அங்கங்கே குழாய்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் அடியில் நின்று மூச்சு வாங்கிக் கொண்டு நடந்தோம். மஞ்சள் தீபங்களின் ஒளியில் சுவர்கள், வெள்ளம் இழைத்த மரம் போல வழவழவென்று வளைந்து வளைந்து போகின்றன. ஓரிடத்தில் சிங்கத் தலை போன்ற வளைவு. ஓரிடத்தில் மேலிருந்து லிங்கங்கள் திரளாகத் தொங்குகிற கோடிலிங்கம். ஓரிடத்தில் ஆயிரம் நாகங்கள் படம் விரித்தாற்போல விதானம். இன்னோரிடத்தில் ஆலமரமும் விழுதுகளும். 'ஸப்தஸ்வர குகை' என்ற இடத்தில் கற்றொங்கல்களை விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாதம் எழுப்புகிறது.

"இதை யார் செதுக்கினார்கள்?" என்றாள் பெண்.

இதற்காகத்தானே உபாத்தியாயர் உடன் வந்திருக்கிறோம்! மழைத்துளி ஆகாயத்திலிருந்து வரும்போதே சிறிது கரியமில வாயுவைக் கலந்து கொள்கிறது. மண்ணுக்குள் இறங்குகையில் இன்னும் அதிகமாகச் சேர்த்துக் கொள்கிறது. அதனால் ஜலத்துக்கு ஒரு சிறு புளிப்புத் தன்மை உண்டாகிறது. அந்தப் புளிப்பு சுண்ணாம்புக் கல்லைத் துளித்துளியாகக் கரைக்கும். கல்லில் இருந்த விரிசல் சந்தாகிறது, சந்து தெருவாகிறது. கரைந்த சுண்ணாம்பு, மேற்கூரையில் சொட்டும் துளியில் படிந்து கற்றொங்கலாகிறது. வீட்டில் வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாசாரந்தான். ஒரு விரற்கடை வளர நூற்றாண்டுகள் ஆகலாம். இவ்வளவையும் எடுத்துச் சொன்னோம்.

"அப்படியானால் ஜலத்துக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. போன வழியையெல்லாம் எழுதி வைத்திருக்கிறதே!" என்றாள் தாயார். நமது பட்டப் படிப்புக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் பாதாள கங்கைக்குப் படிகள் வந்தன. குகையிலேயே மிக ஆழமான இடம் அது. தரைமட்டத்திலிருந்து 46 மீட்டர். மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்று வழிகாட்டி எச்சரித்தார். தாயாரின் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. மைத்துனர் முகத்தைப் பார்த்தோம்; அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கள் இங்கேயே உட்கார்ந்திருங்கள். இறங்குவது சுலபம், ஏறுவது கஷ்டம்" என்றோம்.

"சோளிங்கபுரத்து மலைக்கு ஏறினபோது நீ தடுக்கவில்லை. இறங்குகிறவளை ஏன் தடுக்கிறாய்? பத்துப் படிக்கு ஒரு தரம் உட்காருகிறேன். நீ முன்னால் போ."

பேத்தியின் தோளில் ஒரு கை, கம்பியில் ஒரு கை. சொன்னபடியே உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். ஒவ்வொரு முறை அவள் உட்கார்ந்த போதும், தூக்கிக் கொண்டு மேலே ஓட வேண்டியிருக்குமோ என்று எங்கள் நெஞ்சு அடித்துக் கொண்டது. இறங்கி முடிந்தது.

கங்கை என்ற பெயருக்கு அங்கே இருப்பது சிறு நீரோட்டந்தான். பாறை இடுக்கிலிருந்து வந்து, சிறிது தூரம் தெரிந்து, மறுபடியும் பாறைக்குள் மறைகிறது. "இவ்வளவுதானா?" என்றான் சிறுவன். "வருஷம் முழுவதும் வற்றுவதில்லையாம். இது போதாதா?" என்று சொல்லித் தாயார் கைகூப்பினாள். பிறகு, "இந்த ஜலம் எங்கே போகிறது?" என்று வழிகாட்டியைக் கேட்டாள்.

இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேலம் கிராமத்துக் கிணற்றுக்குப் போய்ச் சேருகிறது என்பது அவ்வூரார் நம்பிக்கை என்றார் அவர். அடுத்து அவர் சொன்ன விஷயந்தான் எங்களை நிமிர்ந்து பார்க்கச் செய்தது. 1988-ஆம் வருஷம் வரையில், சுற்று வட்டாரத்துக் குப்பைகளைக் கொட்டும் இடமாக இந்தக் குகை இருந்து வந்ததாம்! பிக்ஷுக்கள் தியானம் செய்த இடத்தில் குப்பை. ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் விடாமல் முயன்று சர்க்காரின் கவனத்தை இழுத்தார்கள். 1999-இல் ஆந்திரச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றுப் பாதையும் படியும் தீபமும் அமைத்தது. 2002-இல் குகை ஜனங்களுக்குத் திறக்கப்பட்டது.

"குப்பையைக் குகையில் போட்டுவிட்டு, ஜலத்தைக் கிணற்றில் எடுத்துக் குடித்தார்களா?" என்றாள் தாயார்.

சுண்ணாம்புக் கல் பிரதேசத்தில் இது மிகவும் பொல்லாத காரியம். மணற்பாங்கான பூமியில் ஜலம் மெல்லக் கசிந்து ஓரளவு வடிகட்டப்படும். இங்கேயோ அது குழாயில் ஓடுவது போல் ஓடுகிறது. ஒரு முனையில் போட்டது மறு முனையில் வந்து சேரும். இதை விளக்க வாயெடுத்தோம். ஆனால் தாயார் எங்கள் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். விளக்கம் தொண்டையிலேயே நின்று விட்டது.

நேயர்களிடம் மறைப்பானேன்? ஏழு வருஷங்களுக்கு முன் எங்கள் கொல்லைக் கிணறு ஒரு கோடையில் வற்றிற்று. வீட்டுக்குக் குழாய் ஜலம் வந்திருந்த சமயம். "இனி இது எதற்கு? குழந்தைகள் விழுந்து வைக்கும்" என்று சொல்லி, வீடு இடித்த செங்கல்லையும் சருகையும் உடைந்த சாமான்களையும் அதில் போடச் சொன்னவர்கள் நாம். "பிறந்து வந்த நாளாய் அதில் ஜலம் எடுத்தேன். ஒரு மழை பார்க்கலாமே" என்று தாயார் தடுத்தாள். வகுப்பில் நீரின் சுழற்சியைப் படம் போட்டு விளக்குகிற நாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணி விட்டோம். தேசத்தின் செல்வங்களை நம்மவர் பேணவில்லை என்று மேடையில் பேசியதும் உண்டு. பேலத்து ஜனங்கள் செய்ததைக் கேட்டு முகம் சுளிக்க நமக்கு என்ன யோக்கியதை? அவர்களாவது தவற்றைத் திருத்திக் கொண்டார்கள்.

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. "ஏறலாமா?" என்று மட்டும் கேட்டாள். ஏறும்போது பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தவர்கள் நாம். அவள் பேத்தியோடு முன்னால் போய்விட்டாள்.

வெளியே வந்தபோது பிற்பகல் வெயிலும் குளிர்ந்த காற்றாகத் தோன்றிற்று. புளியோதரையும் மோரும் சாப்பிட்டு, அஸ்தமிக்கும் முன் தாடிபத்திரி திரும்பினோம். போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை: கம்பளி வேண்டாம், பருத்தித் துணியே போதும். மதிய வேளைக்கு முன் சென்று விடுங்கள். கற்றொங்கல்களைக் கையால் தடவாதீர்கள். நூற்றாண்டுகள் பட்ட பாட்டை ஒரு விரல் கெடுத்து விடும். முதியோர்கள் வருவதாகச் சொன்னால் வைத்தியரைக் கேட்டு விட்டு அழைத்துச் செல்லுங்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி விடாதீர்கள்.

ஊர் திரும்பிய வாரமே தூர் வாரும் ஆட்களை அழைத்தோம். மூன்று நாள் வேலை. செங்கல், உடைந்த பிளாஸ்டிக் வாளிகள், மின்சார விளக்குகளின் கண்ணாடி, மருந்துப் புட்டிகள், நாம் தீர்ப்பளித்து எறிந்த பழைய பரீட்சைத் தாள்கள் எல்லாம் வெளியே வந்தன. அவற்றோடு தாயாரின் பழைய பித்தளைச் சொம்பு ஒன்றும் கிடைத்தது. எப்போதோ கயிறு அறுந்து விழுந்ததாம். அதைப் புளியிட்டுத் துலக்கி வைத்திருக்கிறாள்.

28 அடி வரை தோண்டியாயிற்று. அடியில் மண் ஈரமாக இருக்கிறது. ஜலம் இன்னும் வரவில்லை. ஐப்பசி மழை வர வேண்டும். தினமும் காலையில் காபிக்கு முன் தாயார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கொண்டு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் நாமும் பக்கத்தில் போய் நின்று பார்க்கிறோம்.