கல்லில் உறைந்த கூக்குரல்

நாடகமொன்றினைப் பதிவு செய்தலும் அதற்குப் பொருள் கூறுதலும் வெவ்வேறு தொழில்கள். முன்னையது கண்டதைக் கண்டவாறும் கேட்டதைக் கேட்டவாறும் எழுதிவைத்தல். பின்னையது கண்டது எதனைக் குறிக்கின்றது, கேட்டது எவரது குரல் என்று ஆராய்தல். முன்னையதைச் செம்மையாகச் செய்யாதவன் பின்னையதிலே தடுமாறுவான் என்பது விமரிசனத்தின் பாலபாடம். ஆயினும், அமானுஷ்யப் பொருள்கொண்ட தொலைக்காட்சி நாடகத்தை அணுகும்போது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வரம்பு எளிதில் அழிந்துவிடுகின்றது. 'பேய் வந்தது' என்று எழுதுவதே ஒரு விளக்கவுரையாகிவிடும். திரையில் தெரிந்தது ஓர் உருவம். கேட்டது ஓர் அலறல். அதனைப் பேயென்றது நாடகப் பாத்திரமா, பார்வையாளனா என்று தெளிந்த பின்னரே அச்சொல்லைக் கையாளுதல் தகும்.

இச்சிக்கலையே தன் கதைப்பொருளாகக் கொண்ட நாடகமொன்று 1972ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆந் திகதி இரவு பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. அதன் பெயர் 'த ஸ்ரோன் ரேப்'; கல் நாடா எனத் தமிழில் வழங்கலாம். எழுதியவர் நைஜல் நீல். நெறிப்படுத்தியவர் பீற்றர் சாஸ்டி. ஏறத்தாழ 90 நிமிடம் ஓடும் தனி நாடகம் அது. நத்தார் இரவிலே பேய்க்கதை கூறுவது ஆங்கிலேயரின் பழைய வழக்கம். 1843ஆம் ஆண்டில் சார்ள்ஸ் டிக்கின்ஸ் எழுதிய நத்தார்க் கதையும் ஆவிகளின் வருகையையே அடிப்படையாகக் கொண்டது. அம்மரபுக்குள் நின்றுகொண்டே அதற்குப் புதியதொரு தளத்தை அமைத்தவர் நீல். பாழடைந்த மாளிகை, படிக்கட்டு, இறந்துபோன பணிப்பெண் ஆகிய பழைய பொருள்கள் யாவும் அவரது நாடகத்தில் உள்ளன. ஆனால், அவற்றை எதிர்கொள்ளுபவர்கள் மந்திரவாதிகளல்லர், மின்னணுப் பொறியியலாளர்கள்.

நாடகத்திலே நிகழ்வனவற்றை முதலில் வரிசையாகக் குறித்தல் நன்று. றயன் என்னும் மின்பொருள் நிறுவனத்தின் ஆய்வுக்குழுவொன்று டாஸ்கர்லண்ட்ஸ் என்ற பழைய மாளிகைக்குக் குடிபெயர்கின்றது. குழுவின் தலைவன் பீற்றர் புரொக். யப்பானியப் போட்டியாளரை முந்தத்தக்க புதியதோர் ஒலிப்பதிவு ஊடகத்தைக் கண்டுபிடிப்பது அவனது நோக்கம். குழுவிலே ஜில் கிறீலி என்னும் பெண் கணிப்பொறி நிரல் வகுப்பவளாகப் பணிபுரிகின்றாள். மாளிகையின் ஓர் அறை மட்டும் திருத்தப்படாமற் கிடக்கின்றது. அதனுள்ளே வேலை செய்யத் தொழிலாளர் மறுத்துவிட்டனர். சுவரின் மரப்பலகையைப் பெயர்த்தபோது, கற்சுவரும் எங்கும் சென்று சேராத படிக்கட்டும் வெளிப்படுகின்றன. பலகைக்குப் பின்னால் நத்தார்த் தாத்தாவுக்கு எழுதப்பட்ட பழைய கடிதமொன்றும் கிடைக்கின்றது. பரிசு எதனையும் அது கேட்கவில்லை. போய்விடும்படி மட்டுமே எதனிடமோ இரந்து நிற்கின்றது.

ஜில் அவ்வறையிலே பெண்ணொருத்தி படியேறி ஓடி அலறுவதைக் காண்கின்றாள். ஊரில் விசாரித்தபோது, லூயிசா ஹாங்ஸ் என்ற பணிப்பெண் 1890ஆம் ஆண்டில் அங்கே இறந்த செய்தி வெளியாகின்றது. குழுவினர் அறையினுள்ளே கருவிகளைக் கொண்டுவந்து குவிக்கின்றனர். அலறல் மீண்டும் எழுகின்றது. ஆனால், ஒலிப்பதிவுக் கருவியிலே அது பதியவில்லை. சிலருக்கு அலறல் மட்டும் கேட்கின்றது. சிலருக்கு உருவமும் தெரிகின்றது. ஒருவருக்கு எதுவுமே புலப்படவில்லை. இதிலிருந்து புரொக் ஒரு முடிவுக்கு வருகின்றான். அங்கே ஆவி இல்லை; கடுந்துயர்க் கணமொன்றினைக் கல் உள்வாங்கிப் பதித்து வைத்துள்ளது; மனித மூளையே அதனை மீள ஒலிக்கச் செய்யும் கருவி. அம்மறைபொருளைக் கண்டறிந்தால் உலகச் சந்தை தன் காலடியில் என்று அவன் கனவு காண்கின்றான்.

கல்லை இயக்குவதற்காக ஒலியையும் ஒளியையும் அவர்கள் அதன்மீது ஓயாது பாய்ச்சுகின்றனர். முடிவில் எல்லாம் அடங்கிவிடுகின்றது. பதிவு அழிந்துவிட்டது. புரொக் மனமுடைகின்றான், நிறுவனமோ அவ்விடத்தைச் சலவை இயந்திர ஆய்வுடன் பகிர்ந்துகொள்ளும்படி பணிக்கின்றது. ஆனால், அழிந்தது மேற்படை மட்டுமே என்பதை ஜில் கண்டறிகின்றாள். அதன் அடியிலே, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையானதும் உருச்சிதைந்ததுமான இன்னொரு பதிவு இருக்கின்றது. அவளது எச்சரிக்கையைப் புரொக் செவிமடுக்கவில்லை. அவள் தனியாக அவ்வறைக்குள் செல்கின்றாள், உருவற்ற ஏதோவொன்று அவளைப் படிகளின்மேல் துரத்துகின்றது, வீழ்ந்து இறக்கின்றாள். மரண விசாரணையிலே அவளை மனநிலை பிறழ்ந்தவளாகக் காட்டிய புரொக், அவள் எழுதிவைத்த குறிப்புகளையும் அழித்துவிடுகின்றான். பின்னர் அவ்வறைக்குட் சென்று நிற்கின்றான். கல் மீண்டும் பேசுகின்றது. இம்முறை கேட்பது ஜில்லின் அலறல். அவனை அழைத்து உதவி வேண்டும் குரல் அது.

இவையே நிகழ்வுகள். இனி, அவற்றின் கருத்தினை நோக்கலாம்.

பருப்பொருள் ஒலியைத் தாங்கி நிற்கும் என்ற எண்ணம் நீல் புதிதாகப் புனைந்ததன்று. கணிப்பொறியின் முன்னோடிகளுள் ஒருவரான சார்ள்ஸ் பாபேஜ், 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, மனிதர் பேசிய ஒவ்வொரு சொல்லும் காற்றின் அசைவுகளிலே நிலைத்திருக்கும் என்றும், வளி மண்டலமே மாபெரும் நூலகம் என்றும் கருதினார். 1961ஆம் ஆண்டில் தொல்லியலாளர் ரி. சி. லெத்பிறிட்ஜ், பேய்த்தோற்றங்கள் இடங்களிலே பதிந்துள்ள பழைய உணர்ச்சிகளாக இருக்கலாம் என்று எழுதினார். ஆயினும், பிற்காலத்திலே பேய்த் தேட்டத்தில் ஈடுபட்டோர் இக்கருத்துக்கு இட்டு வழங்கும் பெயர் 'கல் நாடாக் கோட்பாடு' என்பதாகும். நாடகத்தின் பெயர் கோட்பாட்டின் பெயராயிற்று. கற்பனையிலே பிறந்த சொல் ஒன்று, சான்றின் வேடம் பூண்டு உலவத் தொடங்கிய கதை இது.

பதிவு செய்பவன் விழிப்பாக இருக்கவேண்டிய இடமும் இதுவே. காந்த நாடாவிலே பிளாத்திக்குப் பட்டியின்மேல் இரும்பொட்சைட்டுத் துகள்கள் பூசப்பட்டிருக்கும். பதிவுத் தலையிலே மாறும் மின்னோட்டம் காந்தப்புலத்தை மாற்ற, துகள்கள் அதற்கேற்பக் காந்தமேறுகின்றன. அதே ஒழுங்கிலே மீண்டும் நாடா நகரும்போது ஒலி மீட்கப்படுகின்றது. எழுதும் தலையும் வாசிக்கும் தலையும் சீரான நகர்வும் இன்றிப் பதிவென்பது இல்லை. மாளிகைச் சுவரிலே இவற்றுள் எதுவுமில்லை. ஆகவே, கல் நாடாவை இயற்பியலாகக் கொள்ளாது உருவகமாகக் கொள்ளுதலே பொருந்தும். உருவகமாகக் கொள்ளும்போது அதன் வலிமை குறைவதில்லை, பெருகவே செய்கின்றது.

அவ்வுருவகம் எதனைச் சுட்டுகின்றது? கல்லில் எழுதிய எழுத்து அழியாது என்பது பழைய வழக்கு. நீலின் நாடகத்திலோ கல்லில் எழுதியதும் அழிகின்றது. அழிப்பவர்கள் பகைவரல்லர், அதனை மிக ஆவலோடு கேட்க விரும்பியவர்களே. ஆர்வத்தின் மிகுதியே அழிவுக்குக் காரணமாகின்றது என்ற இம்முரண், நாடகம் பிறந்த சூழலோடு வைத்துப் பார்க்கும்போது மேலும் கூர்மை பெறுகின்றது. அக்காலத்திலே ஒளிப்பதிவு நாடா விலையுயர்ந்த பொருள். மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்கது. ஆதலால், ஒளிபரப்பாகி முடிந்த நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவிலே வேறொன்றைப் பதிவது பி.பி.சி.யில் 1970களின் பிற்பகுதிவரை வழக்கமாயிருந்தது. நீலின் ஆக்கங்களும் அதற்குத் தப்பவில்லை. 1953ஆம் ஆண்டில் நேரடியாக ஒளிபரப்பான அவரது 'குவாற்றமாஸ்' தொடரின் ஆறு பகுதிகளுள் முதலிரண்டு மட்டுமே படச்சுருளிற் பதியப்பட்டு எஞ்சின. 1963ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒளிபரப்பான 'த றோட்' என்னும் நாடகத்தின் ஒளிப்பதிவு இன்றில்லை.

'த றோட்' இழப்பு தனியே குறிப்பிடத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டுக் காடொன்றிலே பேய்க்குரல்கள் கேட்கின்றன. அறிவின் வளர்ச்சியால் மனித குலம் பொற்காலத்தை எய்தும் என நம்பும் தத்துவவாதியொருவன் அவற்றை ஆராய வருகின்றான். ஆனால், அக்குரல்கள் இறந்த காலத்தவையல்ல. வருங்கால அணுகுண்டுப் போரிலே பெருந்தெருவில் ஓடும் மக்களின் ஓலம் அது. இந்நாடகத்தை அன்றிரவு கண்டோர் கண்டனர். அதன்பின் காண வழியில்லை. எழுத்துப் பிரதி தப்பியது. அதனைக் கொண்டே 2018ஆம் ஆண்டில் பி.பி.சி. வானொலி அதற்குப் புதிய வடிவம் கொடுத்தது. படிமம் அழிந்தபோது எழுத்தே துணைநின்றது என்பது, நாடகங்களை எழுத்திலே பதிவு செய்ய முனைவோர் அனைவரும் மனங்கொள்ளத்தக்கது. 'த ஸ்ரோன் ரேப்' அழியாது எஞ்சியது. 2001ஆம் ஆண்டில் இறுவட்டாகவும் வெளிவந்தது. அழித்தலைப் பற்றிய நாடகம் அழிவுக்குத் தப்பியமை தற்செயலே எனினும், பொருள் பொதிந்த தற்செயலாகும்.

இனி, நாடகத்தின் நடுநாயகமான வினாவுக்கு வரலாம். அறையிலே ஒலிப்பது ஓர் இளம்பெண்ணின் இறுதிக் கணம். அதனைக் கேட்டவர்கள் என்ன செய்கின்றனர்? அளக்கின்றனர், எண்ணுகின்றனர், இலாபக் கணக்கிடுகின்றனர். அது உணர்வற்ற வெறும் பதிவு என்ற புரொக்கின் முடிவு அறிவியல் நோக்கிற் சரியாக இருக்கலாம். ஆனால், அம்முடிவு அவனுக்கு இன்னொரு வசதியையும் தருகின்றது: அவளுக்காக இரங்கவேண்டிய கடமையிலிருந்து அவன் விடுபடுகின்றான். பதிவு என்ற சொல்லைக் கொண்டு மனிதரை மறைத்துவிடும் இம்மனப்பாங்கே நாடகத்தின் மெய்யான பேய் எனலாம். ஜில்லும் கணிப்பொறியைக் கையாளுபவளே. அவளும் தரவுகளைச் சேகரிப்பவளே. வேறுபாடு ஒன்றுதான்: தரவுக்குப் பின்னால் ஒருத்தி இருந்தாள் என்பதை அவள் மறக்கவில்லை. அதனாலேயே பிறர் காணாத அடிப்படையை அவளாற் காண முடிந்தது. இரக்கம் ஆய்வுக்குத் தடையாகும் என்ற பொதுக் கருத்தினை நாடகம் இவ்விடத்தே மறுதலிக்கின்றது.

இவ்விளக்கத்துக்கு மறுப்பும் எழலாம். அடிப்படையிலே உறைந்திருந்த தொன்மையான சக்தி ஜில்லைக் கொன்றது. அதற்கும் புரொக்கின் மனப்பாங்குக்கும் தொடர்பென்ன என்று ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அச்சக்தி யாதென நாடகம் கூறவில்லை. கூறாததை உரைகாரன் கூறிவிடுவது முறையன்று. பதிவு மட்டுமே எனின், பதிவு எவ்வாறு ஒருத்தியைத் துரத்தும் என்ற ஐயமும் தீர்க்கப்படாமலே நிற்கின்றது. எனினும், அவள் தனியாக அங்கே சென்றதற்குக் காரணம், அவளது சொல்லுக்கு எவரும் செவிசாய்க்காமையே. கொன்றது எதுவாயினும், கைவிட்டவர்கள் யாவர் என்பதில் நாடகம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

முறையியல் நோக்கிலும் இங்கு ஒரு பாடமுண்டு. அறையிலே நின்றவர்களுள் ஒருவருக்கு எதுவும் கேட்கவில்லை என்பதை நாடகம் மறைக்காது காட்டுகின்றது. கேட்டவன் பொய்யனல்லன், கேளாதவன் மூடனுமல்லன். எவர் எதனைக் கண்டார், எங்கு நின்று கண்டார், எதனைக் காணவில்லை என்று பிரித்தெழுதுவதே நேர்மையான பதிவாகும். பலரது சாட்சியங்களை ஒன்றாகக் குழைத்து ஒரே கதையாக்குபவன் சுவையானதோர் உரையைத் தரலாம்; ஆனால், பின்வருவோர் சரிபார்க்கும் வழியை அவன் அடைத்துவிடுகின்றான்.

இறுதியிலே புரொக் இரண்டு செயல்களைச் செய்கின்றான். இறந்தவளைப் பற்றித் தவறான சாட்சியம் கூறுகின்றான். அவளது குறிப்புகளை அழிக்கின்றான். முன்னையது பொய்யான விளக்கம். பின்னையது பதிவின் அழிப்பு. இரண்டும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. மூலக் குறிப்புகள் எஞ்சியிருந்தால் அவனது கூற்று நிலைத்திராது. ஆகவேதான், பொய்யுரை பகரத் துணிபவன் முதலில் ஏட்டைத் தேடுகின்றான். தாள்கள் அழிந்தன, விசாரணை முடிந்தது, அவனை வினவுவார் எவருமிலர். ஆனால், அறையிலே அவளது குரல் அவனது பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கின்றது. அக்குரலைக் கேட்டவன் அவன் ஒருவனே. கேட்டதை எவரிடமும் கூற இயலாதவனும் அவனே.