எழுதப்படாத வினாக்கள்

“ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?” 1980ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இவ்வினாவைத் தொடக்கப்பள்ளி மாணவர் 97 பேரிடம் கேட்டனர். அவர்களுள் 76 பேர், கொடுத்த எண்களைக் கொண்டே ஒரு விடையைக் கண்டனர். இரண்டையும் கூட்டினால் 36. கப்பல் தலைவருக்குப் பொருத்தமான வயதுதான்!

கேட்போர்க்கு நகைப்பு வரலாம். ஆயினும் அக்குழந்தைகளை அறிவற்றோர் எனல் தகாது. ஆசிரியர் தரும் கணக்குக்கு விடை உண்டு; கொடுத்த எண்கள் அனைத்தையும் பயன்படுத்தியாக வேண்டும். எந்த நூலிலும் எழுதப்படாத இவ்விரு விதிகளையும் வகுப்பறையே அவர்களுக்குப் பழக்கியிருந்தது. ‘மொத்தம்’ என்றால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி என்று சொற்களைக் காட்டிக் கற்பிப்பதும் இத்தகையதே. “கண்ணனிடம் 12 பம்பரங்கள் உள்ளன. அவை வேலனிடம் உள்ளவற்றைவிட 5 அதிகம். வேலனிடம் உள்ளவை எத்தனை?” ‘அதிகம்’ என்னும் சொல்லைக் கண்டதும் கூட்டும் குழந்தை 17 என்கிறது. சரியான விடையோ 7.

பல படிகள் கொண்ட கணக்கில் இடர் இன்னும் மிகுதி. பூ விற்கும் பெண் ஒருவர் கிலோ 400 ரூபாய் வீதம் 3 கிலோ மல்லிகை வாங்குகிறார். தொடுத்தபின் 60 முழம் வருகிறது. விற்பதற்குள் 12 முழம் வாடிவிட, எஞ்சியதை முழம் 30 ரூபாய்க்கு விற்கிறார். இலாபம் எவ்வளவு? கணக்கு கேட்பது ஒரே வினா. அதற்குள் கேட்கப்படாத வினாக்கள் மூன்று உள்ளன: போட்ட முதல் எவ்வளவு? விற்ற பூ எத்தனை முழம்? விற்று வந்த பணம் எவ்வளவு? இவற்றைத் தானே கேட்டுக்கொள்ளும் குழந்தை 1200, 48, 1440 எனப் படிப்படியாகச் சென்று 240 ரூபாயை அடைகிறது. கேட்கத் தெரியாத குழந்தை 60ஐ 30ஆல் பெருக்கி, 1200ஐக் கழித்து, 600 காண்கிறது. பயன்படாத 12 கண்ணை உறுத்தவே அதையும் கழித்து 588 என எழுதிவிடுகிறது. ரூபாயிலிருந்து முழத்தைக் கழித்தது அதற்குத் தோன்றவேயில்லை. பெருக்கலும் கழித்தலும் பிழையறச் செய்த அக்குழந்தைக்குத்தான் ‘கணக்கு வராது’ என்னும் பெயர் வாய்க்கிறது.

உண்மையில் வராதது வாசிப்பு. கணக்கதிகாரம் முதலிய பழந்தமிழ்க் கணித நூல்கள் செய்யுளால் ஆனவை. செய்யுளின் பொருள் உணராதவர் அங்கே கணக்கைத் தொடங்கவே இயலாது.

ஆகவே, தேர்ந்த ஆசிரியர் முதலில் எண்களை மறைத்துவிடுகிறார். பூ வாங்கினார், தொடுத்தார், சில வாடின, எஞ்சியவற்றை விற்றார் என்று கதையைக் குழந்தையின் வாயாலேயே சொல்லவைக்கிறார். பின்னர் இறுதி வினாவைப் பற்றிக்கொண்டு பின்னோக்கி நடத்துகிறார். இலாபம் அறிய எவை வேண்டும்? அவற்றுள் எது தெரியும், எது தெரியாது? சிங்கப்பூர்ப் பள்ளிகளில் இவ்வுறவுகளை நீண்ட பட்டைகளாக வரைந்து பார்க்கப் பழக்குவர். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தால் எவ்வூரிலும் இது இயலும். இதற்கு நேரம் பிடிக்கும் என்பது மெய்யே. பத்துக் கணக்குகளை விரைந்து முடிக்கும் வகுப்பைவிட ஒரு கணக்கில் ஒரு பாடவேளை முழுதும் தங்கும் வகுப்பே மேல்.

விடை கண்டபின் திரும்பிப் பார்த்தலைக் கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945இல் வெளிவந்த தம் நூலில், கணக்குத் தீர்க்கும் நான்கு நிலைகளுள் இறுதியானதாக வைத்தார். பெரும்பாலும் கைவிடப்படுவதும் அதுவே. ஒரு பேருந்தில் 36 பேர் செல்லலாம் எனில் 1128 படைவீரர்க்கு எத்தனை பேருந்துகள் வேண்டும்? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயது மாணவரிடம் இது கேட்கப்பட்டது. நூற்றுக்கு எழுபதின்மர் சரியாக வகுத்தனர். 32 என விடையளித்தோர் நூற்றுக்கு 23 பேரே. 29 பேர் ‘31, மீதி 12’ என எழுதி எழுதுகோலை வைத்துவிட்டனர். அவர்களிடம் ஆசிரியர் கேட்க வேண்டியது ஒன்றே: அந்தப் பன்னிருவர் எதில் ஏறுவர்?