வெள்ளியா, தங்கமா?

போன மாசம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் வீட்டுச் சுவரெல்லாம் நீலம் போட்ட வேட்டி மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது. "உள்ளே இருந்த லென்ஸ் மஞ்சளாப் போயிருந்துச்சுங்கய்யா, அது வழியாத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. சிரித்துக்கொண்டே வந்தேன். தூண்டில் பெட்டியைத் திறந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

என் அக்கா வீட்டுக்காரர் விரால் பிடிப்பதில் கெட்டிக்காரர். விரால் மூச்சு வாங்க மேலே வரும் மீன். நீர்மட்டத்தில் எதையாவது ஆட்டி இழுத்தால் பாய்ந்து கவ்வும். முன்பெல்லாம் முள்ளில் தவளையைக் கோத்தோம். பிறகு மச்சான் பிளாஸ்டிக் மீன்கள் வாங்கி வந்தார். விரல் நீளம், பளபளவென்று, வெள்ளியில் இரண்டு, தங்கத்தில் இரண்டு. (மினுக்கிக் காட்டி மீனை ஏமாற்றுவது பழைய வித்தைதான். கரண்டி மாதிரித் தகட்டைத் தூண்டிலில் கட்ட அமெரிக்காவில் ஜூலியோ பியூல் என்பவர் 1852-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.)

மச்சானுக்கு ஒரு கணக்கு உண்டு. தெளிந்த தண்ணீர், நல்ல வெயில் என்றால் வெள்ளி. கெண்டைப்பொடியின் செதிலும் அப்படித்தான், திரும்பும்போது கண்ணாடி போல ஒரு மின்னு மின்னும். மேலே மிதக்கிற இரை, கீழிருந்து பார்க்கிற விராலுக்கு முதலில் நிழலாகத்தான் தெரியும். அது பக்கவாட்டில் ஆடும்போதுதான் மினுக்கத்துக்கு வேலை. கலங்கலில் வெள்ளி எடுபடாது, சுற்றியிருக்கும் சேற்று நிறத்தையே அதுவும் காட்டும். அங்கே தங்கம் கட்டணும் என்பார்.

அமராவதியில் புதுத்தண்ணீர் செங்கலங்கலாக வந்த ஒரு விடிகாலை, தாராபுரத்துக்குக் கீழே ஒரு மடுவில் நின்றோம். தங்கத்தை எடுத்துக் கட்டினேன்.

"அது வெள்ளிங்க மாப்ள, மாத்துங்க" என்றார் அந்தப் பக்கத்திலிருந்து.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்கறீங்களா மச்சான்?"

ஒன்பது மணிக்குள் அவருக்கு மூன்று விரால். எனக்கு ஒன்றும் இல்லை. வண்டியில் திரும்பும்போது, உங்க கணக்கும் பொய், நீங்களும் பொய் என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு நான் போனது மூன்று வருஷம் கழித்து, மாலையோடுதான்.

இப்போது பெட்டியில் கிடந்த என் 'தங்கம்' சுத்த வெள்ளியாக இருந்தது.

மனசு உடனே சாக்குத் தேடியது. மஞ்சள் தேய்ந்து போயிருக்கலாமே? ஆனால் தறியில் ஜரிகை ஓட்டியவனுக்கு இது தெரியாதா! மலிவு ஜரிகையும் இந்தப் பொய்மீனும் ஒரே ஜாதி. பிளாஸ்டிக்கின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைப்பார்கள், தங்கம் வேண்டுமென்றால் அதன்மேல் மஞ்சள் வார்னிஷ். தேய்ந்தாலும் இடுக்கில் கொஞ்சம் மஞ்சள் மிச்சம் இருக்கும். கண் குழியில், கொக்கி வளையத்தின் அடியில், செதில் கோடுகளில், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். துளி மஞ்சள் இல்லை. அது என்றைக்குமே வெள்ளிதான்.

சாயங்காலம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கருமத்துக்காடா மூணு வருஷம் இந்தப் பக்கமே வராம இருந்தே? அவரு உன்ற தூண்டிலு இங்கதான் இருக்குன்னு வருஷா வருஷம் எண்ணெய் போட்டு வெச்சாரு."