அருகில் நின்ற பேரன்பு



நம் பங்கு ஆலயங்களில் நன்றித் திருப்பலிக்கென எழுதிக் கொடுக்கப்படும் கருத்துகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மகன் தேர்வில் தேறியதற்கு நன்றி. மகளுக்கு நல்ல வரன் அமைந்ததற்கு நன்றி. அறுவை சிகிச்சை நலமாய் முடிந்ததற்கு நன்றி. வெளிநாட்டில் வேலை கிடைத்ததற்கு நன்றி. இவை யாவும் நன்றே. கேட்டுப் பெற்றவர் திரும்பி வந்து நன்றி கூறுவது ஆண்டவருக்கு உகந்த செயல். தொழுநோய் நீங்கப்பெற்ற பத்துப் பேருள் ஒருவனே திரும்பி வந்தான் என்று லூக்கா நற்செய்தி கூறுவதை நாம் அறிவோம்.

ஆயினும், இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இக்கருத்துகளைப் பீடத்தில் நின்று வாசித்துவரும் எனக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. இறைவனின் இரக்கத்தை நாம் பெரிய நிகழ்ச்சிகளில் தேடுகிறோம். அன்றாட நாள்களில் தேடுவதில்லை. கேட்டது கிடைத்த அன்று, கடவுள் கண் திறந்தார் என்கிறோம். கிடைக்காவிடில், அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நேர்ச்சை பலிக்கவில்லை என்று ஞாயிறு திருப்பலியையே கைவிட்ட குடும்பங்களை நான் அறிவேன். ஆகவே இது வெறும் பக்தி முயற்சி பற்றிய பேச்சன்று; நம் விசுவாசம் நிலைப்பதும் சாய்வதும் பற்றிய பேச்சு.

இதில் நமக்கு விளக்கேந்தி வழிகாட்டுவது ரூத்து நூல். நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு நூல் அது. அதில் கடல் பிளக்கவில்லை, வானதூதர் தோன்றவில்லை. ஒரு பஞ்சம், பிழைப்புத் தேடிய பயணம், மூன்று சாவுகள், ஓர் அறுவடை, ஒரு திருமணம், ஒரு குழந்தை, இவ்வளவே. நம் வீடுகளில் நடப்பவைதாம்.

பஞ்சத்தின் காரணமாகப் பெத்லகேமை விட்டு, கணவனோடும் இரு புதல்வரோடும் மோவாபு நாட்டுக்குச் சென்றவள் நகோமி. அங்கே கணவன் மாண்டான். பின்னர் புதல்வர் இருவரும் மாண்டனர். கைம்பெண்ணாய், பிள்ளைகளை இழந்தவளாய் ஊர் திரும்பினாள். ஊர்ப் பெண்கள் அவளை அடையாளம் கண்டு வியந்தபோது, இன்பம் எனப் பொருள்படும் தன் பெயரால் இனி அழைக்க வேண்டாம் என்றும், கசப்பு எனப் பொருள்படும் ‘மாரா’ என்றே அழைக்கும்படியும் கூறினாள். நிறைவோடு சென்ற தன்னை ஆண்டவர் வெறுங்கையாய்த் திருப்பிக் கொணர்ந்தார் என்று முறையிட்டாள்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று நோக்க வேண்டும். வெறுங்கை என்று அவள் கூறியபோது அவள் அருகில் நின்றவள் யார்? தன் நாட்டையும் இனத்தையும் பிறந்த வீட்டையும் துறந்து, சாவு வரை பிரியேன் என்று உடன் வந்த மருமகள் ரூத்து! ஆண்டவர் தந்த பேரன்பு பக்கத்திலேயே நிற்க, நகோமியின் கண்ணுக்கு அது தெரியவில்லை. கண்ணீர் அதை மறைத்தது. அதற்காக மறைநூல் அவளைக் கடிந்துகொள்ளவில்லை என்பதையும் கவனியுங்கள். இழப்பை இழப்பென்று சொல்லி அழுவதை இறைவன் தடுப்பதில்லை.

அவள் கண் எப்போது திறந்தது? அது வாற்கோதுமை அறுவடைக் காலம். வயலோரத்துக் கதிர்களையும் சிந்திய கதிர்களையும் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியர் நூலில் காணும் சட்டம். அதன்படி ரூத்து கதிர் பொறுக்கச் சென்றாள். வயலுக்குரிய போவாசு, கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போடும்படி தம் ஆள்களிடம் சொல்லி வைத்தார். மாலையில், ஓர் எப்பா அளவு தானியத்தோடும், தான் உண்டு மீந்த வறுத்த தானியத்தோடும் மருமகள் வீடு சேர்ந்தாள். அதைக் கண்ட நகோமி, எங்கே பொறுக்கினாய் என்று வினவினாள். போவாசின் பெயரைக் கேட்டறிந்தாள். அவருக்கு ஆசி கூறி, உயிரோடிருப்போருக்கும் இறந்தோருக்கும் பேரன்பு காட்டத் தவறாத ஆண்டவரை நினைந்தாள்.

தானியத்திலிருந்து மனிதருக்கு, மனிதரிடமிருந்து ஆண்டவருக்கு. இறை இரக்கத்தைக் கண்டுணரும் வழி இதுவே. நாமோ பலவேளை நடுப்படியைத் தாண்டிவிடுகிறோம். கடவுளுக்கு நன்றி என்போம். அவர் எந்தக் கையால் கொடுத்தாரோ அந்தக் கையைக் காணாமற் போவோம்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில், பக்கவாதத்தால் மூன்றாம் ஆண்டாகப் படுக்கையில் கிடந்த மூதாட்டி ஒருவருக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுசெல்வேன். “வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்தும் எழுந்து நடக்கவில்லையே சாமி! ஆண்டவர் என்னை மறந்துவிட்டார்” என்று ஒவ்வொரு முறையும் அழுவார். அவர் கிடந்த பாய் தூய்மையாக இருக்கும், துணி வெளுத்திருக்கும், மூன்று ஆண்டுகளில் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. நள்ளிரவிலும் எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைத்தவர் அவருடைய மருமகள். ஒருநாள் அந்தப் பெண் வாசல்வரை என்னோடு வந்து, “அத்தையைப் பார்ப்பது எனக்குப் பாரமில்லை சாமி. நல்லாயிரு என்று ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை, அதுதான் மனசுக்குப் பாரம்” என்றார்.

அடுத்த மாதம் நான் அம்மூதாட்டிக்குப் புத்திமதி ஏதும் கூறவில்லை. ரூத்து நூலின் முதலிரண்டு அதிகாரங்களை மட்டும் மெல்ல வாசித்தேன். கேட்டுக்கொண்டே கிடந்தார். அதற்கு அடுத்த மாதம் தலையணையின் கீழிருந்து சிறு காணிக்கை ஒன்றை எடுத்து, “ஒரு பூசை வையுங்கள் சாமி. என் மருமகளுக்காக, நன்றிப் பூசை” என்றார். அவர் எழுந்து நடக்கவில்லை. நோய் குறையவும் இல்லை. எனினும் அந்த வீட்டில், ஆண்டவர் மறந்துவிட்டார் என்ற சொல் அதன்பின் என் காதில் விழவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். மருமகளின் உருவில் கடவுளைக் கண்டோம் என்று புகழ்ந்துவிட்டு, முழுச் சுமையையும் அவள் தோளிலேயே விட்டுவிடுவது நன்றியாகாது. மகனும் ஓரிரவு விழித்திருக்கட்டும். பேரப்பிள்ளைகளும் வெந்நீர் வைத்துக் கொடுக்கட்டும். சிந்திய கதிரை ரூத்து பொறுக்கினாள் என்றால், அதைச் சிந்த விடும்படி சொன்ன ஒருவர் வயலில் இருந்தார். இறை இரக்கத்தைக் கண்டுகொண்டவர், அது பிறரைச் சென்றடையும் வாய்க்காலாகவும் ஆகவேண்டும்.

நகோமியின் கணவரும் மைந்தரும் கல்லறையிலிருந்து எழுந்து வரவில்லை. ஆனால் ரூத்துக்குப் பிறந்த ஓபேதை அவள் மடியில் ஏந்தினாள். ஏழு புதல்வரிலும் மேலானவள் இம்மருமகள் என்று அதே ஊர்ப் பெண்கள் போற்றினர். அந்த ஓபேதின் பேரனே தாவீது. ஆண்டவர் இயேசுவின் தலைமுறை அட்டவணையில் மத்தேயு ரூத்தின் பெயரையும் எழுதி வைத்தார். கதிர் பொறுக்கிய நாளன்று இதை யார் அறிந்திருப்பார்?

26 வசனங்கள் கொண்ட 136ஆம் திருப்பாடலையும் கவனியுங்கள். வானைப் படைத்ததையும் செங்கடலைப் பிளந்ததையும் பாடிய அது, முடிவுக்கு ஒரு வசனம் முன்பாக, உயிர்களுக்கெல்லாம் அவர் உணவளிப்பதைப் பாடுகிறது. செங்கடலுக்கு வரும் அதே பல்லவிதான் நம் வீட்டுச் சோற்றுக்கும் வருகிறது!

புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் நூலுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்தார். அதில் கூறப்படும் ஆன்மச் சோதனையின் ஐந்து படிகளுள் முதற்படி, பாவங்களை எண்ணுவதன்று; பெற்ற நன்மைகளுக்காக நன்றி கூறுவதே. அன்பை உணர்ந்த பின்னரே பாவத்தின் கனமும் உள்ளபடி தெரியும்.

ஆகவே, இன்றிரவு செபமாலை முடிந்து விளக்கணைக்கும் முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மூன்று வினாக்களுக்கு விடை கூறட்டும். இன்று எனக்குக் கிடைத்த நன்மை என்ன? அது யார் கைவழியாக வந்தது? அந்தக் கையை எனக்குத் தந்தவர் யார்? இரண்டாம் வினாவுக்குரிய விடையாக ஒருவர் உங்கள் அருகிலேயே அமர்ந்திருந்தால், அவர் முகம் பார்த்து, வாய் திறந்து நன்றி சொல்லுங்கள். மூன்றாம் வினாவின் விடையை அனைவரும் சேர்ந்து ஆமென் என்று சொல்லி முடியுங்கள்.