ராம்பி யார்?

தந்தி ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே மேசையில் விரலால் தட்டிக் காட்டுவார். நானும் சிரித்துவைப்பேன். தட்டுவதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். எங்கே தட்டாமல் நிறுத்துவது என்று பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

நாங்கள் கேட்டு எழுதிய கருவிக்கு சவுண்டர் என்று பெயர். சின்னப் பித்தளை நெம்புகோல். மின்சாரம் வந்தால் இறங்கி ஒரு ‘டக்’. நின்றால் ஏறி இன்னொரு ‘டக்’. அதில் நீண்ட ஒலி என்று ஒன்று கிடையவே கிடையாது. இரண்டு ‘டக்’குக்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்பதை வைத்துத்தான் அது புள்ளியா, கோடா என்று காது முடிவுசெய்யும். சத்தம் போதாவிட்டால் காலி சிகரெட் டப்பாவைப் பின்னால் சொருகிவைப்போம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு வைகாசி முகூர்த்தம். மயிலாப்பூர், தி. நகர் மண்டபங்களுக்கு வாழ்த்துத் தந்திகள் கட்டுக்கட்டாக வந்தன. வாழ்த்து வாசகங்களுக்கு எண்கள் உண்டு, கல்யாணத்துக்கு 8. எண்ணை மட்டும் அனுப்பினால் போதும். நீண்ட இனிய மணவாழ்க்கைக்கான வாழ்த்து முழுசாக அச்சாகிப் போய்ச் சேரும். அனுப்பியவர் பெயரைத்தான் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதவேண்டும். மறுநாள் மாப்பிள்ளையின் மாமா கவுன்ட்டருக்கு வந்துவிட்டார்.

“சார், எங்க வீட்டுல யாருக்குமே ராம்பின்னு ஒருத்தரைத் தெரியாதே. யாருங்க இவர்?”

சீனியர் தந்தியை வாங்கிப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. பென்சிலால் மேசையில் ‘டி-டா’ என்று தட்டி, கொஞ்சம் விட்டு, ‘டா-டி’ என்றார். ஏ, என். பிறகு விடாமல் ‘டி-டா-டா-டி’. பி! ரமணி என்ற பெயரில் ஏ-யும் என்-னும் ஒட்டிக்கொண்டு ராம்பி ஆகிவிட்டது. அந்த முனையில் தட்டியவர் அவசரக்காரர்தான், ஆனால் யோசிக்காமல் எழுதியது என் கை.

கணக்கு எளிது. புள்ளி ஒரு மாத்திரை என்றால் கோடு மூன்று. ஓர் எழுத்துக்குள் விடும் இடம் ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் ஏழு.

இந்தக் கணக்கு முதலிலேயே இப்படி அமையவில்லை. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியபோது மோர்ஸும் அவருடைய கூட்டாளி ஆல்ஃபிரட் வெயிலும் வைத்திருந்தது வேறு குறியீடு. அடிக்கடி வரும் எழுத்துக்குச் சுருக்கமான குறி என்ற யோசனை அதிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் அதிகம் வரும் ஈ-க்கு ஒரே புள்ளி. ஆனால் சில எழுத்துகளின் வயிற்றிலேயே இடைவெளி. இரண்டு புள்ளியை ஒட்டித் தட்டினால் ஐ, நடுவில் சற்று விட்டால் ஓ, இன்னும் விட்டால் இரண்டு ஈ! 1848இல் ஜெர்மனியில் ஃபிரெடரிக் கெர்க்கே அந்த உள் இடைவெளிகளை எல்லாம் நீக்கினார். அந்தத் திருத்தத்திலிருந்து வளர்ந்ததைத்தான் 1865இல் பாரிஸ் மாநாடு சர்வதேசக் குறியீடாக ஏற்றது. நான் கற்றதும் அதைத்தான். கெர்க்கே அத்தனை சுத்தம் செய்துவைத்த பிறகும் நான் ராம்பி எழுதினேன்.

2013 ஜூலை 14 ராத்திரியோடு தந்தி நின்றது. கடைசி நாள் நானும் வரிசையில் நின்றேன். மோர்ஸ் போய் டெலிபிரிண்டர், அதுவும் போய்க் கம்ப்யூட்டர் என்று எப்போதோ மாறியாகிவிட்டது. கவுன்ட்டரில் கீபோர்டு சத்தம்தான். படிவத்தை நீட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது மந்தைவெளி வீட்டு மாடியில் ஒயர் ஆன்டெனா கட்டி, ஹாம் ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸில் சாயங்காலம் உட்காருகிறேன். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் போனில் புள்ளியும் கோடுமாக ஒரு அட்டவணை வைத்திருப்பார்கள். முதல் வேலையாக அதை மூடச் சொல்வேன். கண்ணால் கற்றவன் ஒவ்வொரு எழுத்துக்கும் மனசுக்குள் அட்டவணையைத் தேடுவான். அதற்குள் மூன்று எழுத்து ஓடிவிடும். எழுத்தை வேகமாகவே ஒலிக்கவிட்டு, இடைவெளியை மட்டும் நீட்டிக் கொடுப்பேன். ஃபார்ன்ஸ்வொர்த் முறை என்பார்கள். காது பழகப் பழக இடைவெளியைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும். தேர்வாக நான் கொடுப்பது ஒரே பெயர்: ரமணி. பெரும்பாலும் ராம்பிதான் வருவார்.

போன மாதம் கீழ்வீட்டுப் பையன் மேலே வந்தான். பத்து வயது, மிருதங்கம் கற்கிறான். ஏ, என் இரண்டையும் சொற்கட்டு மாதிரி வாயால் சொல்லவைத்து, நடுவில் மூன்று மாத்திரை விடவேண்டும் என்றேன்.

“கார்வைதானே தாத்தா?” என்றான். தொடையில் தாளம் போட்டபடி மோர்ஸ் சாவியை அழுத்தினான். ரமணி வந்தார்.