அந்தத் திமிர்வாதக்காரன் வாய் திறக்கவில்லை



"சார் எப்படி இருக்காங்க டீச்சர்?" என்று தினமும் நாலைந்து பேராவது கேட்கிறீர்கள். எல்லோருக்கும் தனித்தனியாக எழுத முடியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கோல் ஊன்றி முற்றம் வரை நடக்கிறார். வலது கை இன்னும் தூக்க வரவில்லை. சாப்பாடு இடது கையால்தான், ஸ்பூனில். பேச்சுதான் வரவில்லை. எதைக் கேட்டாலும் "சரி சரி". காபி வேண்டுமா என்றாலும் "சரி சரி", வேண்டாம் என்பதற்கும் "சரி சரி". முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறேன். மைதானத்தின் அந்த மூலையில் நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி அதட்டிய உங்கள் பி.டி. சார்தான்!

போன மாதம் ஜெபிக்க வந்த ஒருவர் (யார் என்று கேட்காதீர்கள்) புறப்படும்போது சொன்னார்: "சாரும் வாயைத் திறந்து அறிக்கை பண்ணணும் டீச்சர். அவங்க பக்கம் விசுவாசம் இல்லாம அற்புதம் எப்படி நடக்கும்?" சார் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவருக்குப் பேச்சுதான் போயிருக்கிறது, புரிதல் போகவில்லை. அன்று ராத்திரி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

என்னிடம் உயிரியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 1861-ல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவரிடம் வந்த நோயாளிக்கு "டான்" என்ற ஓர் ஒலி தவிர வேறொன்றும் பேச வராது. மற்றவர்கள் பேசுவது மட்டும் விளங்கும். அவர் இறந்தபின் மூளையைப் பார்த்தபோது இடப்பக்க முன்பகுதியில் சேதம் இருந்தது. இதைக் கரும்பலகையில் படம் போட்டு எத்தனை வருடம் நடத்தியிருப்பேன்! இப்போது அந்தப் பாடம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது விசுவாசக் குறைவு இல்லை பிள்ளைகளே, இரத்த ஓட்டம் தடைப்பட்ட இடம்.

ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள்ளும் முள்ளாகக் கிடந்தது. ஜெபிக்க வாயில்லாதவனுடைய விசுவாசத்தை ஆண்டவர் எந்தக் கணக்கில் வைப்பார்? அதனால் மாற்கு 2-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்தேன். ஞாயிறு பள்ளியில் படம் காட்டி எத்தனையோ முறை சொன்ன கதைதான். கப்பர்நகூமில் ஒரு வீடு, வாசல்வரை கூட்டம். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்து வருகிறார்கள். வழியில்லை என்றதும் மேலே ஏறிக் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை உள்ளே இறக்குகிறார்கள். கத்தோலிக்க உறவுகளின் திருவிவிலியத்தில் அவர் 'முடக்குவாதமுற்றவர்'.

கூரை என்றதும் நம் ஊர் ஓலைக் கூரையை நினைக்க வேண்டாம். கப்பர்நகூமில் 1968 முதல் பிரான்சிஸ்கன் துறவிகள் தோண்டி எடுத்த வீடுகளின் சுவர்கள் கருங்கல்லாலானவை. மேலே மரக்கட்டை, அதன்மேல் கிளையும் நாணலும் பரப்பி மண் பூசியிருப்பார்கள். வெளிப்பக்கமாக ஏறப் படியும் உண்டு. அதைத் தோண்டினால் என்ன ஆகும்? மண்ணெல்லாம் கீழே இருப்பவர்கள் தலையில்தான். உட்கார்ந்திருந்த வேதபாரகர் தலையில் விழுந்திருக்கும், ஆண்டவர் தலையிலும் விழுந்திருக்கும். அவர் கோபப்பட்டதாக ஒரு வரி இல்லை. (அந்தக் கூரையைப் பிறகு யார் பூசிக் கொடுத்தார்கள் என்று மாற்கு எழுதவில்லை. வீட்டுக்காரியாக எனக்கு அதுதான் முதல் கவலை!) மத்தேயு கூரைச் சங்கதியையே விட்டுவிட்டார்.

இத்தனை நடந்தும் அந்தத் திமிர்வாதக்காரன் ஒரு வார்த்தை பேசவில்லை. மாற்கு, மத்தேயு, லூக்கா மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "என்னைக் குணமாக்கும்" என்று அவன் கேட்கவே இல்லை. லூக்காவில் மட்டும், எழுந்து நடந்தபிறகு தேவனைத் துதித்துக்கொண்டு போகிறான். இயேசு பார்த்தது 'அவர்களுடைய' விசுவாசத்தை என்றுதான் மூவரும் எழுதுகிறார்கள். அதில் அவனும் சேர்த்தி என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும், நானும் சேர்த்துக்கொள்கிறேன். ஆனால் மண்ணைத் தோண்டிய அந்த நாலு பேரைத் தள்ளிவிட்டு வாசிக்க வழியே இல்லை.

இன்னொன்று இத்தனை வயதில்தான் கண்ணில் பட்டது. இயேசு முதலில் பாவமன்னிப்பைச் சொல்கிறார். உடனே அவன் எழுந்துவிடவில்லை. வேதபாரகர் மனதுக்குள் முணுமுணுக்கிறார்கள், இயேசு அவர்களிடம் திருப்பிக் கேட்கிறார், அதற்குப் பிறகுதான் எழுந்து நடக்கச் சொல்கிறார். அதுவரை அவன் அங்கேயே கிடக்கிறான். மன்னிக்கப்பட்டவன், மகனே என்று அழைக்கப்பட்டவன், ஆனால் கால் வரவில்லை. கால் வராததை வைத்து அவன் விசுவாசத்தை அளக்கலாம் என்றால், அந்த நேரத்தில் அவனை என்னவென்று சொல்வது? அவனுக்கு அது கொஞ்ச நேரம். எங்கள் வீட்டில் எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எவ்வளவோ. சார் இருப்பது அந்த இடத்தில்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். சுகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினமும் கேட்கிறேன், அழுதும் கேட்கிறேன்.

இதையெல்லாம் சாரிடம் வாசித்துக் காட்டினேன். 'சரி சரி' என்றார். இது நிஜமான சரி, எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பாட்டு ஆரம்பித்தால் சில சொற்கள் அவர் வாயில் முழுசாக வருகின்றன. பேச்சு போனவர்கள் சிலருக்குப் பாட்டு மிஞ்சுவதுண்டு என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் தங்கச்சி சொன்னாள்.

அன்றைக்கு ராத்திரி மாடிப்படியில் சாரைப் போர்வையோடு தூக்கி இறக்கியதும் நாலு பேர்தான். இரண்டு பேர் சாரிடம் கபடி படித்தவர்கள், ஒருவர் எதிர்வீட்டு ஆட்டோக்காரத் தம்பி, இன்னொருவர் மருந்துக்கடை பாய். அவர்களில் ஒருவர்தான் நம் சபை.

இப்போது ஓர் உதவி. வியாழன் மாலை 5 மணிக்கு சாரைத் தெருவில் நடக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலி, என் ஒருத்தியால் அவரைத் தாங்க முடியவில்லை. பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் முறை வைத்து இரண்டு பேராக வந்தால் போதும். வருகிறவர்கள் வாய் திறக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கபடி ஆட்டம் எப்படிப் போகிறது என்று சொல்லுங்கள், கேட்டுக்கொண்டே நடப்பார். விசில் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது, ஜாக்கிரதை.